பதினேழாம் பெஞ்சில் யாருமில்லை

நகராட்சிப் பூங்காத் துறையில் அவருக்கு வேலை, மனிதர்களை எண்ணுவது. இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஒன்று கூடும். பூங்கா வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள், ஏரிக்கரைப் பாதையில் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை நாய்கள் வந்தன, அவற்றில் எத்தனை சங்கிலியோடு வந்தன என்பதெல்லாம் அந்தக் கட்டைவிரல் வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அலுவலகத்தில் அவருக்கு 'டிக்டிக்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், கடைசியில் அவரே போனை எடுத்து "டிக்டிக் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

எண்ணுவதில் அவர் நேர்மையானவர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிவதற்கு இது தேவைப்படுகிறது. அடைமழையில் ஈ காக்கை வராத நாளில் மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நேற்றைய எண்ணிக்கையையே கொஞ்சம் குறைத்து எழுதுவார்கள். அவர் குடையோடு நின்று, வந்த ஏழு பேரை ஏழு என்று எழுதுவார். வராத ஒரு ஆளுக்காக அவருடைய கட்டைவிரல் ஒரு தடவைகூட அசைந்தது கிடையாது. அவரிடம் இருந்த ஒரே கர்வம் அதுதான். அதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் ராத்திரி படுக்கும்போது சட்டையைக் கழற்றுவது மாதிரி அதையும் பத்திரமாகக் கழற்றி வைத்து, காலையில் மறக்காமல் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

போன வருடம் பெரிய ஏரியைச் சுற்றியிருக்கும் இருபத்துமூன்று பெஞ்சுகளுக்கும் கணக்கெடுப்பு வந்தது. குழந்தைகள் பூங்காவில் பெஞ்சு போதவில்லை. புதிதாகச் செய்வதற்குப் பதில், ஏரிக்கரையில் யாரும் உட்காராத பெஞ்சுகளைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போடலாம் என்று மேலிடத்தில் முடிவு. விதி எளிது. எண்ணுகிறவர் பெஞ்சிலிருந்து இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். 'நிற்க' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. காலை ஏழு மணி முதல் பகல் ஒரு மணி வரை, நாலு நாள். உட்கார்ந்தவர், நின்றவர், கடந்து போனவர் என்று மூன்று கட்டம். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: துறை ஊழியர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மற்ற பெஞ்சுகளை ஓரிடத்தில் நின்றபடி நாலைந்தாகப் பார்த்துவிடலாம். பதினேழாம் எண் பெஞ்சு மட்டும் தனி. படகுத்துறைப் பக்கம் பதினாறோடு வரிசை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாதை, ஏரியின் பின்பக்கத்துக்கு வளைந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் பதினெட்டாம் பெஞ்சை எட்டும். அந்த நீளத்துக்கு நடுவில், பம்ப் அறையைத் தாண்டி, ஒரு பெரிய மரத்தடியில் பதினேழு. அதை எண்ண வேண்டுமென்றால் அங்கேயே போய் நிற்க வேண்டும். இருபது அடி தள்ளி என்றால் ஒரு பக்கம் கருங்கல் சரிவு, இன்னொரு பக்கம் நிழலே இல்லாத மொட்டை மேடு.

அவருக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்தது போல இருக்கும். முதல் நாள் அந்த மேட்டில் ஒரு மணி நேரம் நின்றார். பிறகு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று பெஞ்சுக்கு வந்தார். நாலாம் நாள் பகல் ஒரு மணிக்குத்தான் எழுந்தார் என்று சொன்னால் மிகை. ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இருபத்திரண்டு வருடம் பூங்காக்களிலேயே காலம் தள்ளியவர், ஒரு ஏரியை உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். அதுவரை அவர் கண் மனிதர்களின் கால் மேலேயே இருந்தது. எண்ணுவதற்குக் கால்தான் வசதி. முகத்தைப் பார்த்தால் கவனம் சிதறும். இங்கே மரத்தடியில், ஷூவைக் கழற்றிப் புல்லில் கால் வைத்தபோது, கண்ணுக்கு வேறு வேலை கிடைத்தது. காலையில் தண்ணீர் தகரத்தகடு மாதிரி அசையாமல் கிடக்கும். எட்டரை மணிக்குக் காற்று கிளம்பி, எதிர்க்கரையிலிருந்து ஒரு சுருக்கம் மெல்ல நகர்ந்து வரும். ஒரு பட்டுப்போன அடிமரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து, ஈரக் கோட்டை உலர்த்துகிற கிளார்க் மாதிரி நிற்கும். பத்து மணிக்குப் பம்ப் ஓசை நிற்கும். அதற்குப் பிறகு வரும் அமைதியில் நகரத்தின் ஒரு ஹார்ன் சத்தம்கூட அந்த வளைவுக்குள் நுழையாது. பக்கத்தில் பை, இந்தப் பக்கம் குடை, மடியில் படிவம். பதினொரு மணிக்கு டிபன் டப்பாவைத் திறந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். வாழ்க்கை இவ்வளவு அகலமானது என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று ஒரு கணம் தோன்றும். உடனே டிக்.

ஆமாம், எண்ணுவதை அவர் விடவில்லை. கடந்து போனவர் ஒருவர்கூடத் தப்பவில்லை. சிலர் பெஞ்சுக்கு அருகில் வந்ததும் நடையைத் தளர்த்தி, கொஞ்சம் நின்று, பிறகு போனார்கள். அவர்களை 'நின்றவர்' கட்டத்தில் போட்டார். ஏரியை ரசிக்கிறார்கள் என்று நினைத்தார். தன்னைப் போலவே இவர்களுக்கும் இந்த இடம் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அவர்கள் பார்வைக்கு மறைக்கக் கூடாதே என்று குடையைக்கூட ஒரு தடவை நகர்த்தி வைத்தார். நாலு நாள் முடிவில் கடந்தவர் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நின்றவர் முப்பத்தெட்டு. உட்கார்ந்தவர் பூஜ்யம்.

மேலாளர் ஒரு பெண்மணி. எண்கள் மேல் தனிப் பிரியம் உள்ளவர். அறிக்கையைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முழுப் பூஜ்யம்! மத்தவங்க எல்லாம் மூணு, அஞ்சுன்னு இழுத்துட்டு வராங்க. முடிவெடுக்கவே முடியல. இது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க டிக்டிக்!" அந்த அறிக்கை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டும் மாதிரி அறிக்கை ஆனது. பதினேழாம் பெஞ்சு பெயர்க்கப்பட்டது. இடத்தில் ஒரு சிமென்ட் பலகையும், அதில் துருத்திக்கொண்டிருக்கும் நாலு போல்ட்டும் மிஞ்சின.

இதெல்லாம் போன வருடம். இந்த வருடம் துறைக்குப் புதிய சீருடை வந்தது. பச்சைக் கோட்டுப் போய் ஆரஞ்சுக் கோட்டு. எண்ணுவதோடு கேள்வி கேட்கும் வேலையும் சேர்ந்தது. ஒரு காலை, ஏரி வாசலில் நின்று, நடக்க வருகிறவர்களை நிறுத்திப் பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அண்ணனும் தங்கையும் வந்தார்கள்.

அண்ணனுக்கு எழுபது இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகலமான தோள், ஆனால் அந்தத் தோளுக்குள் இருந்த நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தங்கைக்கு அறுபது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். பத்து மணிக்கு வேலை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் மடித்த துண்டு. நடக்கும்போது அண்ணனை விட அரை அடி பின்னால் வந்தார், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

"தினமும் எவ்வளவு தூரம் நடக்கறீங்க?" என்று கேட்டார் டிக்டிக்.

"படகுத்துறை வரைக்கும் சார். அப்படியே திரும்பிடுவோம்," என்றார் தங்கை.

"ஒரு ரவுண்டு... முழுசா அடிப்போம். எழுதிக்குங்க தம்பி, முழுசா," என்றார் அண்ணன். "இவ எதையும்... குறைச்சுத்தான் சொல்லுவா. என் வயசைத் தவிர."

"அண்ணே, இப்போ எவ்வளவுன்னுதான் கேக்கறார். போன ஜென்மத்துல எவ்வளவுன்னு கேக்கல."

"போன வருஷம்... உனக்குப் போன ஜென்மமா பாப்பா?"

அறுபது வயதுப் பாப்பா துண்டை உதறி மறுபடி மடித்தார். ஆறாவது கேள்வி: நடக்கும் தூரத்தைக் குறைத்திருந்தால் அதற்குக் காரணம் என்ன? நேரமின்மை, உடல்நிலை, பாதுகாப்பு, பிற.

"பெஞ்சு இல்ல சார்," என்றார் தங்கை. "அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு இருந்துச்சு, மரத்தடியில. இவருக்கு ஒரு மூச்சுல அஞ்சூறு மீட்டர்தான். பதினாறுல உட்காருவார், அப்புறம் அங்க உட்காருவார், அப்புறம் பதினெட்டு. நடுவுல அதைப் புடுங்கிட்டாங்க. இப்போ எங்கே போறது? பாதி வழியில தரையில உட்கார்ந்தார்னா தூக்கறதுக்கு இவர் ஓட்டின கிரேன்தான் வரணும்."

டிக்டிக்கின் பேனா நின்றது. "ஏன் எடுத்தாங்களாம்?"

"யாரும் உட்காரலையாம்! போர்டு வச்சிருந்தாங்க. எப்படி சார் உட்கார முடியும்? எடுக்கறதுக்கு முன்னாடி நாலு நாள் உங்க ஆபீஸ் ஆள் ஒருத்தர் அதை வளைச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைக் கோட்டு, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு. பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம், நடுவுல ராஜா. ஷூவைக் கழட்டிக் காலை நீட்டி, டிபன் டப்பாவைத் திறந்து... என்னமோ அவர் வீட்டுக் கூடம் மாதிரி. நாங்க நாலு நாளும் போனோம். நாலு நாளும் நின்னு நின்னு பார்த்தோம். ஒரு நாளாவது அசையணுமே!"

டிக்டிக்கின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். "கொஞ்சம் நகருங்கன்னு... கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத்தான் போனேன். இவர்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டார்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு சொன்னார். "கையில பேப்பர் வச்சு... எழுதிட்டிருந்தான் தம்பி. வேலை செய்யறவனை... எதுக்கு எழுப்பணும்? நானும் வேலை செஞ்சவன்தானே. பம்ப் ரூம் சுவத்துல... சாஞ்சு நின்னுக்கிட்டேன். அப்போ... அதுக்குத் தெம்பு இருந்துச்சு."

'பிற' என்ற இடத்தில் டிக்டிக் 'பெஞ்சு' என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. அவர்கள் இருவரும் மெதுவாகப் படகுத்துறைப் பக்கம் போனார்கள். கட்டைவிரல் பழக்கத்தில் இரண்டு முறை அழுத்தியது.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மனைவியிடம் சொன்னார். மனைவி ஒரு மருத்துவமனையின் துணிப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் தைப்பவர். நாள் முழுக்க நேர்கோட்டில் தைத்துவிட்டு வருவதாலோ என்னவோ, பேச்சும் நேராக இருக்கும்.

"இருங்க, இருங்க," என்றார் அவர். "யாராவது உட்காருவாங்களான்னு பார்க்கறதுக்காக, அந்தப் பெஞ்சுலயே நீங்க உட்கார்ந்துகிட்டீங்க?"

"குதிகால் வலி."

"வந்தவங்க எங்கேங்க உட்காருவாங்க? உங்க மடியிலயா?" சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அப்படியே விழுங்கினார். "சொல்லிடுங்க ஆபீஸ்ல."

"இருபத்திரண்டு வருஷம்மா. ஒரு எண் தப்பா எழுதினதில்ல."

"இதுவும் தப்பில்லையே. நீங்க எழுதினது உண்மைதான். யாரும் உட்காரலை."

பகல் முழுக்க அவர் மனசுக்குள் கட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே வாதம்தான். மனைவியின் வாயிலிருந்து கேட்டபோது அது வாதமாகவே தெரியவில்லை. பிடிபட்டவன் சட்டைப்பையில் தேடி எடுக்கிற ரசீது மாதிரி இருந்தது. ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யாக முடியும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ள இருபத்திரண்டு வருடம் போதவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றையும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை. வலி என்றால் மன்னிப்பு உண்டு. சந்தோஷத்துக்கு?

மறுநாளே போய்ச் சொல்லியிருந்தால் நல்ல மனிதர் என்று எழுதலாம். அவர் பதினெட்டு நாள் சொல்லவில்லை. முதலில் குறுக்கு வழி தேடினார். மேலாளரிடம் கேள்வித்தாள்களை ஒப்படைக்கும்போது, ஏதோ போகிற போக்கில் சொல்வது போல, "பதினேழாம் பெஞ்சு வேணும்னு சிலர் சொல்றாங்க மேடம்," என்றார்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

"அறுநூத்தி நாப்பதுல ரெண்டு. உங்க பூஜ்யத்துக்கு முன்னாடி இது நிக்குமா, நீங்களே சொல்லுங்க," என்று அவர் அன்பாகச் சிரித்தார். தன் பூஜ்யம் தன்னையே வழிமறிப்பதை டிக்டிக் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு ஏரிக்கு வடக்கு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். அண்ணன், தங்கை வருவது தெற்கு வாசல். மரத்தடிப் பக்கம் போக நேர்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்களின் கால்களைப் பார்த்தபடி வேகமாகக் கடந்தார். தண்ணீரைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்பது போல. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கடையில் கைவைத்தவன், காவலர் இல்லாத தெருவிலும் சுவரோரமாகத்தான் நடப்பான்.

பதினெட்டாம் நாள், படகுத்துறைக்கு எதிர்ப் பாலத்தில் நின்று சைக்கிள்களை எண்ணும் வேலை. அங்கிருந்து பதினாறாம் பெஞ்சு தெரிந்தது. அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பின்பக்கக் கரையை, அந்த மரத்தை, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கிரேனின் இரண்டு பிடிகளைப் பிடிப்பது போலப் பிடித்து, ஒன்றை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். மரத்தையும் வளைவையும் பொறுக்கித் தூக்கி, தண்ணீருக்கு மேலாகக் கொண்டுவந்து, தங்கையின் காலடியில் நோகாமல் இறக்கி வைத்தார். தங்கை சிரித்துக்கொண்டே காலை ஒதுக்கி இடம் விட்டார்.

டிக்டிக் அன்று பகலே மேலாளரின் அறைக்குப் போனார்.

"பதினேழாம் பெஞ்சு அறிக்கை தப்பு மேடம்."

"எந்த எண்?"

"எண் எல்லாம் சரிதான். நான்... அந்தப் பெஞ்சுல உட்கார்ந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நாள்."

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை மேசை மேல் வைத்தார். "அப்போ உட்கார்ந்தவங்க எண்ணிக்கை பூஜ்யம் இல்ல."

"ஒண்ணு மேடம். ஆனா ஊழியரைச் சேர்க்கக் கூடாது."

"தெரியும். அந்தக் குறிப்பை எழுதினதே நான்தான்." கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இந்த அறிக்கையை வச்சு எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கேன் தெரியுமா? வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். உங்க பேரைப் பார்த்துத்தான் யாரும் சரிபார்க்கல."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று டிக்டிக்குக்குத் தோன்றியது. திட்டவில்லை. விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். மாதிரி அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி எடுத்தார். பழைய பெஞ்சைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. குழந்தைகள் பூங்காவில் மணல் தொட்டிக்கு அருகே போட்டாயிற்று, அங்கே தாய்மார்கள் அதில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். புதுப் பெஞ்சு போட வேண்டுமென்றால் காரணம் காட்ட எண் வேண்டும். எண் வேண்டுமென்றால் மறுபடி எண்ண வேண்டும்.

"பெஞ்சே இல்லையே மேடம், எப்படி எண்ணறது?"

"அது இருந்த இடத்துல யார் யார் தயங்கி நிக்கறாங்கன்னு எண்ணுங்க. போன தடவை நின்னவங்களை எண்ணினீங்களே, அதே கட்டம்தான். இருபது அடி தள்ளி. நின்னுக்கிட்டு."

ஆக, இல்லாத பெஞ்சை நாலு நாள் எண்ணினார். மொட்டை மேட்டில், வெயிலில், குடை பிடித்தால் கை ஒழியாது என்று குடையும் இல்லாமல். ஒரு பெண், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சிமென்ட் பலகையைப் பார்த்துவிட்டுப் போனாள். தபால்காரர் ஒருவர் ஒரு போல்ட்டின் மேல் காலை வைத்து ஷூக் கயிறு கட்டினார். ஒரு இளம் ஜோடி பலகையின் விளிம்பில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, போல்ட் குத்தி எழுந்தார்கள். நாலு நாளில் அறுபத்தொரு பேர். போன வருடம் தன் எதிரில் வந்து நின்ற முப்பத்தெட்டுப் பேரும் எதற்காக நின்றார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. அந்த அறுபத்தொரு பேரில் அண்ணனும் தங்கையும் இல்லை. அவ்வளவு தூரம் நடுவில் உட்காராமல் வந்துபோக அவர்களால் முடிந்தால் பெஞ்சே வேண்டியிருக்காது.

எண் ஏற்கப்பட்டது. இரண்டு மாதத்தில் புதுப் பெஞ்சு என்று உத்தரவு. உத்தரவு வந்த மறுநாள் காலை அவர் தெற்கு வாசலுக்குப் போனார்.

"பெஞ்சு வருது," என்றார். "ரெண்டு மாசத்துல. அதே இடத்துல."

தங்கை வாயில் கை வைத்தார். "அண்ணே, கேட்டியா? எழுதிக்கிட்டுப் போனாரே, செஞ்சுட்டார் பாரு! சார், உங்களை மாதிரி ஒருத்தர் அன்னிக்கு அங்க இருந்திருந்தா அந்தப் பெஞ்சு போயிருக்குமா? நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

அப்படியே விட்டுவிடலாம். பெஞ்சு வரப்போகிறது, அண்ணன் நடக்கப்போகிறார், அலுவலகத்துக்கு உண்மை தெரிந்துவிட்டது. இவர்களுக்கும் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒரு வணக்கத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும். அவர் திரும்பத்தான் நினைத்தார். ஆனால் தங்கை அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணும் கருவி பிடிக்கிற அதே கை.

"அது நான்தாம்மா," என்றார்.

"எது?"

"பச்சைக் கோட்டு. தொப்பி. டிபன் டப்பா. அது நான்தான்."

தங்கையின் கைகள் உடனே விலகவில்லை. புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் சூடான பாத்திரத்தைத் தொட்டது போல விட்டுவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டார். அண்ணன் அவரை மேலிருந்து கீழ் வரை, பாரத்தைத் தூக்கும் முன் எடையைக் கணிக்கிறவர் போலப் பார்த்தார்.

"எதுக்குடா அங்க... உட்கார்ந்திருந்தே?"

"யாராவது உட்காருவாங்களான்னு பார்க்க."

அண்ணனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பா, மூச்சுத் திணறலா என்று தெரியாமல் தங்கை பாட்டிலைத் திறந்தார். சிரிப்புத்தான். "பாப்பா... கேட்டியா... உட்காருவாங்களான்னு பார்க்க..." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தார். முடித்தபோது முகத்தில் சிரிப்பு மிச்சமில்லை. "ஒரு வருஷம்டா. ஒரு வருஷமா நான்... அந்தப் பக்கம் போகல. எனக்கு இருக்கறதே... எத்தனை வருஷம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாதுங்க."

"டாக்டருக்கே தெரியல. இன்னும் ரெண்டு மாசம்... எல்லாம் என்னால காத்திருக்க முடியாது. பெஞ்சு வர்ற வரைக்கும்... நீதான் பெஞ்சு. நட."

தங்கை "அண்ணே, வேண்டாம்," என்றார். அண்ணன் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினாறாம் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு வளைவு. தங்கை அன்று அரை அடி பின்னால் வரவில்லை. அந்த இடத்தை டிக்டிக்குக்கு விட்டுவிட்டு, பத்தடி முன்னால், திரும்பிப் பார்க்காமல் போனார். பம்ப் அறை வரும்போது அண்ணனின் உதடு நீலம் பூத்திருந்தது. மரத்தடிக்கு வந்ததும் டிக்டிக் சிமென்ட் பலகையின் மேல் ஏறி, காலை அகட்டி ஊன்றி நின்றார். அண்ணன் இரண்டு கையையும் அவர் தோள் மேல் போட்டு, நெற்றியைத் தன் கை மேல் கவிழ்த்து, முழுப் பாரத்தையும் இறக்கினார். பெரிய உடம்பு. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் டிக்டிக்கின் கழுத்தெலும்பு வழியாகக் கேட்டது. ஈரமான, கிழிகிற சத்தம்.

பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காற்று எதிர்க்கரையிலிருந்து கிளம்பியது. அண்ணனின் காதுக்கு மேலாக அவருக்குத் தண்ணீர் தெரிந்தது. வெயில் பட்ட ஒரு சுருக்கம் மெல்ல நகர்ந்து வந்தது. எத்தனையோ நாளாகப் பார்க்காதிருந்ததை அவர் கண் தாகத்தோடு போய்ப் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் கழித்துத்தான், ஒருவர் மூச்சுக்குத் தவித்துத் தன் மேல் தொங்கும்போது தான் ஏரியை ரசித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் தாழ்த்தினார். தாழ்த்திய இடத்தில் தங்கை நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு நாளும் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் தங்கை.

கால் வலி என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அப்படிப்பட்ட உண்மைகளைச் சொல்லித்தான் இத்தனை வருடம் பிழைத்தார்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றார். "அந்த மாதிரி நான் எங்கேயும் இருந்ததில்ல."

தங்கை ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்கும்," என்றார். "எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு."